பழைய மைக்ரோவேவ் சிந்தசைசர் வாங்கினேன்: யாரும் எனக்குச் சொல்லாத விஷயங்கள்

எங்கள் ஆய்வகத்துக்கு, மைக்ரோவேவால் சூடாக்கி வேதிவினை செய்யும் பழைய சிந்தசைசர் (ரியாக்டர் என்றும் சொல்வார்கள்) ஒன்று வாங்க நிர்வாகம் 4 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அது ஒழுங்காக ஓடி, அதில் வரும் முடிவை நம்பி எழுதலாம் என்ற நிலைக்கு வந்தபோது ஆகியிருந்த செலவு 5,44,100 ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள். என்னிடம் பிஹெச்.டி. செய்யும் மாணவியின் பல மாத வேலை இதில் வீணானது, அதுதான் இன்னும் ஆறவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தேடியபோது, பழைய கருவி வாங்கிய ஒருவரும் விவரமாக எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் புதுசு வாங்கச் சொன்னார்கள், டீலர்கள் பழசே போதும் என்றார்கள். நடுவில் நின்று உண்மையைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிறேன். எங்களுக்கு மைக்ரோவேவ் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஆல்டிஹைடு, யூரியா போன்றவற்றைச் சேர்த்துச் செய்யும் பிஜினெல்லி வினை ஒன்றை எத்தனாலில் ரிஃப்ளக்ஸ் போட்டால், அதாவது ஆவியைக் கண்டென்சரில் குளிர்வித்துத் திரும்ப இறக்கியபடியே கொதிக்க விட்டால், பல மணி நேரம் ஆகும். எங்கள் மாணவிகள் பலர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள், ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அடுப்பில் வினையை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மே மாதம் கிணறு வற்றினால் கண்டென்சருக்கு விடத் தண்ணீர் இருக்காது. மூடிய வயலில் (சிறு கண்ணாடிக் குப்பி) எத்தனாலை 120 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பத்து, இருபது நிமிடத்தில் வினையை முடிக்கும் ஒரு கருவி எங்களைப் போன்ற கல்லூரிக்கு ஆடம்பரமே கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தைவிட எங்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்று இன்றும் சொல்வேன்.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பிலேயே செய்யலாமே என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். 1986-ல் இந்தத் துறையைத் தொடங்கி வைத்த இரண்டு குழுக்களும் வீட்டு அடுப்பைத்தான் பயன்படுத்தின, உண்மைதான். ஆனால் வெப்பநிலை என்ன, அழுத்தம் என்ன என்று தெரியாமல், தீப்பிடிக்கும் கரைப்பானை அதில் வைப்பது ஆபத்து. பல ஆய்விதழ்கள் அப்படிச் செய்த வேலையை ஏற்பதும் இல்லை. மாணவர்களை அதன் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

புதுக் கருவிக்கு வாங்கிய கொட்டேஷன்கள் எல்லாம் 20 லட்சத்துக்கு மேல். சி.இ.எம்., பயோடேஜ், ஆன்டன் பார் போன்ற கம்பெனிகளின் ஒற்றை வயல் கருவிகள், வேதியியல்காரர்கள் மோனோமோட் என்று சொல்பவை, பழைய சந்தையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் என்று ஹைதராபாதில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். அங்கே மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் அதிகம். ஒன்று இடம் மாறினாலோ, பிரிவை மூடினாலோ கருவிகள் மொத்தமாக வெளியே வரும். வெளிநாட்டில் ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்து விற்பவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையும் ஒன்றில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் நிறுவனத்திலிருந்து வந்த கருவி நம் மின்சாரத்தில் ஓடிப் பழகியது. கப்பலில் வந்ததற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

நான் பேசிய டீலர் மரியாதையான மனிதர். "ஃபுல் ஒர்க்கிங் மேடம், டெமோ வீடியோ அனுப்புறேன்" என்றார். வீடியோவில் திரை எரிந்தது, மூடி பூட்டிக்கொண்டது, விசிறி சுற்றியது, வெப்பநிலை என்று ஓர் எண் தெரிந்தது. விலை 3,20,000, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 3,77,600 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார். பேக்கிங்குக்கும் லாரிக்கும் தனியாக 11,000.

அந்த வீடியோ கருவிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டியது. மைக்ரோவேவ் வருகிறதா என்பதற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இப்படிக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்: 10 மில்லி வயலில் 4 மில்லி எத்தனால், கிளறுவதற்குக் காந்தக் குச்சி போட்டு 120 டிகிரிக்கு ஏற்றி, பத்து நிமிடம் அங்கேயே நிறுத்தி, இறக்க வேண்டும். வெப்பநிலை, அழுத்தம், பவர் மூன்றும் திரையில் தெரிய வேண்டும். இதை இடைவெளி விடாமல் அடுத்தடுத்து மூன்று முறை செய்ய வேண்டும். வீடியோவை வெட்டாமல், கருவியின் பின்பக்கத் தகட்டிலிருந்து தொடங்கி எடுக்கச் சொல்லுங்கள். எத்தனால் மைக்ரோவேவை நன்றாக உள்வாங்கும். உள்வாங்கிய மைக்ரோவேவை வெப்பமாக மாற்றும் திறனைச் சொல்லும் இழப்புக் காரணி அதற்கு 0.94, டொலுவீனுக்கு 0.04-தான். எத்தனாலே சூடேறத் திணறினால் அந்தக் கருவியில் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தடவை நன்றாக ஓடிவிட்டு இரண்டாவது, மூன்றாவது தடவையில் நின்றுபோகும் கருவிகள் உண்டு. எனக்கு வந்தது அந்த ரகம்.

பின்பக்கத் தகடு என்றேனே, அதுதான் முதல் இடி. பெட்டியைப் பிரித்தபோது உள்ளே கருவியோடு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தது. பில்லில் அதற்கு 7,500 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கருவியைத் திருப்பிப் பார்த்தால், பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றின் அடியில் பாதி மறைந்தபடி அலுமினியத் தகடு. நகத்தால் சுரண்டி எடுத்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் ஓடிய கருவி. வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துத் தரும், சரி. அதிர்வெண்ணை அது மாற்றாதே! நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டீலரை அழைத்துக் கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் மேடம் ஓட்டுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

ஆனது. முதல் ஓட்டம் அழகாகப் போனது, ஆய்வகமே கைதட்டியது. அடுத்ததில் கருவிக்குள்ளிருந்து கனமான ஓர் உறுமல். மூன்றாவதில் பவர் 300 வாட் என்று திரை காட்டிக்கொண்டே இருக்க, வெப்பநிலை 80-ஐத் தாண்டவில்லை. பிறகு பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. கல்லூரி எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மேல்தகட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், வார்னிஷ் வாடை வருது. இதுக்கு மேல போடாதீங்க" என்றார். அவர் சொன்னதைக் கேட்டதால்தான் கருவி மிச்சமானது.

காரணத்தைப் பின்னால் புரிந்துகொண்டேன். மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரான் வேலை செய்யச் சில ஆயிரம் வோல்ட் வேண்டும். எங்கள் மாடலில் அதைக் கொடுப்பது இரும்பு உள்ளகம் கொண்ட பெரிய டிரான்ஸ்ஃபார்மர். 60 ஹெர்ட்ஸுக்கு அளவெடுத்துச் செய்த உள்ளகத்தில் அதே வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடுகிறது. இரும்பு அதற்குமேல் காந்தமாக முடியாத நிறைவுநிலைக்குப் போய், மின்னோட்டம் எகிறி, எல்லாம் வெப்பமாக வெளியேறுகிறது. போதாக்குறைக்கு, மேக்னட்ரானைக் குளிர்விக்கும் ஏ.சி. விசிறியும் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகவே சுற்றும். வெப்பம் கூடுகிறது, காற்று குறைகிறது, பாதுகாப்பு சுவிட்ச் விழுகிறது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: திரையில் தெரியும் வாட் என்பது பெரும்பாலும் கருவி கேட்கும் அளவு. கேவிட்டிக்குள், அதாவது வயல் உட்காரும் அறைக்குள், உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைக் கரைப்பான் சூடேறும் வேகத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

ஆகவே தகட்டில் 50 ஹெர்ட்ஸ், அல்லது 50/60 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். "டிரான்ஸ்ஃபார்மர் தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்கிறார் என்று பொருள். இறக்குமதி செய்த கருவி என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் நகலைக் கேளுங்கள். அது இல்லாமல் எங்கள் ஆடிட்டரும் பிறகு கேள்வி கேட்டார்.

தயாரித்த கம்பெனியின் இந்தியச் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். சீரியல் எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த மாடலுக்கு உதிரிபாகம் நிறுத்தப்பட்டுவிட்டது, மேலும் கருவி உங்கள் பெயரில் பதிவாகவில்லை, எனவே பொறியாளரை அனுப்ப இயலாது என்று நாலு வரியில் பதில் வந்தது. அன்று மாலை ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முதல்வரிடம் என்ன சொல்வது, நிர்வாகக் கமிட்டியில் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். துறையில் ஒருவர், "இதுக்குத்தான் பழசு வேணாம்னு சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் முன்பு சொல்லியிருக்கவில்லை. வாங்குவதற்கு முன்பே சீரியல் எண்ணை வாங்கிக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எந்த ஆண்டில் செய்தது, இன்னும் சேவை உண்டா, மென்பொருள் உரிமம் கை மாறுமா என்ற மூன்று கேள்வி போதும், காசு செலவில்லை. எங்கள் கருவியின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும், சீரியல் போர்ட் கேபிள் வேண்டும். அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை 6,000 ரூபாய்க்குத் தேடிப் பிடித்தோம்.

கடைசியில் உதவியவர், ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற சென்னைப் பொறியாளர் ஒருவர். கருவியைப் பார்க்க வருவதற்கு முன்பே போனில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "மூடியை யாரும் கழட்டாதீங்கம்மா." பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தக் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஆளைக் கொல்ல அது போதும். தானாக வடியச் செய்யும் மின்தடை உள்ளே இருந்தாலும், பழைய கருவியில் அது செத்துப்போயிருக்கலாம். சில பழைய மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், உடைத்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. யூடியூப் பார்த்துவிட்டு எம்.எஸ்ஸி. மாணவர்களிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. இந்தக் கருவியில் தயவுசெய்து அது வேண்டாம்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர், கப்பாசிட்டர், மேக்னட்ரான் மூன்றையும் மாற்றினார். ரிச்சி தெருவில் பாதி கிடைத்தது, மீதியை வரவழைக்க வாரக்கணக்கில் ஆனது. விசிறிகளை மாற்றி, மின்னணுப் பலகைக்கு மட்டும் அந்த ஸ்டெப்-டவுனை வைத்துக்கொண்டார். அவருடைய கூலி, பயணம், தங்கல் எல்லாம் சேர்த்து 68,000. வேலை முடிந்ததும் மூடியைச் சுற்றிக் கசிவு மீட்டரை மெதுவாக நகர்த்தி அளந்து காட்டினார். 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது அடுப்புகளுக்கு வைத்திருக்கும் மேல் வரம்பு. எங்களுடையது அதற்கு வெகு கீழே இருந்தது. கதவோ மூடியோ வளைந்த கருவி, பூட்டு சுவிட்சை ஒயர் போட்டுத் தாண்டிய கருவி, இந்த இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இதோடு கதை முடிந்ததாக நினைத்தோம். மாணவி வேலையைத் தொடங்கினாள். ஆல்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா, துளி அமிலம், எத்தனால், 120 டிகிரி, பத்து நிமிடம். பென்சால்டிஹைடில் 86 சதவீதம் ஈல்டு (விளைபொருள் அளவு) வந்தது. ஒவ்வொரு ஆல்டிஹைடாகப் போட்டு அட்டவணை நிரம்பிக்கொண்டே வந்தது. ஃபர்ஃப்யூரல் என்ற ஆல்டிஹைடைப் போட்டபோது மட்டும் வயலின் அடியில் கறுப்புப் பிசின்தான் மிஞ்சியது, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அசிட்டோனுக்கும் அசையவில்லை. ஃபர்ஃப்யூரல் அமிலத்தில் கறுக்கும் குணமுடையதுதானே என்று அதை ஒதுக்கி வைத்தோம். அட்டவணை முடிந்து, கட்டுரையை அனுப்பும் முன் வேறொரு பல்கலைக்கழகக் கருவியில் மூன்று வினைகளை மட்டும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்று அவளை அனுப்பினேன். அதே 120, அதே பத்து நிமிடம். அங்கே பென்சால்டிஹைடு 54 சதவீதம். வினை முடிந்ததா என்று பார்க்கும் டி.எல்.சி. சோதனையில் தொடக்கப் பொருள் அப்படியே நிற்கிறது. போனில் அவள் குரல் உடைந்துவிட்டது. "மேடம், நான் ஏதோ தப்பா வெயிட் எடுத்திருக்கேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் எடையில் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்று கண்டுபிடித்தது ஒரு வயல் தண்ணீர். இந்தச் சோதனையை மட்டுமாவது இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பாத்திரத்தில் தூய நீரின் ஆவியழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எந்தப் பொறியியல் புத்தகத்தின் நீராவி அட்டவணையிலும் இருக்கும்: 120 டிகிரியில் சுமார் 2 பார், 150-ல் 4.8 பார், 180-ல் 10 பார், எல்லாம் தனி அழுத்தக் கணக்கில், அதாவது வெற்றிடத்தைச் சுழியாக வைத்து. மேலே அடைபட்ட காற்றின் பங்கைச் சேர்த்து, வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தால், 150 டிகிரியில் கருவியின் அழுத்தத் திரை ஏறக்குறைய 75 முதல் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காட்ட வேண்டும். நாங்கள் 4 மில்லி தண்ணீர் வைத்து 150 என்று கொடுத்தோம். திரை 150 என்றது. அழுத்தம் 120 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டி நின்றது. அந்த அழுத்தத்துக்குத் தண்ணீர் 170 டிகிரியில் இருந்தாக வேண்டும்.

அழுத்தமானி பொய் சொல்கிறதா, வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க, அழுத்தமானியைக் காற்று அழுத்தக் குழாயோடு இணைத்துச் சரிபார்த்தோம். அது சரியாக இருந்தது. எங்கள் கருவியில் வெப்பநிலையை எடுப்பது அடியில் இருக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார். அது வயலின் வெளிப்பக்கக் கண்ணாடியைத்தான் பார்க்கிறது, உள்ளே இருக்கும் திரவத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்துக் கேவிட்டிக்குள் பார்த்தால், அடியில் இருக்கும் சின்னச் சாளரத்தின்மேல் தேன் நிறத்தில் மெல்லிய படலம். முன்னால் வைத்திருந்தவர்கள் காலத்தில் எப்போதோ வயல் உடைந்து, சிந்தியது கருகி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் அரிசி நொய் அளவு கண்ணாடித் துணுக்குகூட இருந்தது. படலம் கதிரை மறைக்கிறது, சென்சார் குறைவாகப் படிக்கிறது, இன்னும் சூடு போதவில்லை என்று கருவி மேலும் பவரை ஏற்றுகிறது. நாங்கள் 120 என்று எழுதிய வினைகள் எல்லாம் உண்மையில் 140-ஐ ஒட்டி நடந்தவை. பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்ற பழைய கணக்கில் பார்த்தால் மூன்று, நான்கு மடங்கு வேகம். 86 சதவீதம் எங்கிருந்து வந்தது, ஃபர்ஃப்யூரல் ஏன் கரியானது என்று இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அந்த அட்டவணை முழுவதையும் தூக்கிப் போட்டோம். ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி அது. ஃபெல்லோஷிப் காலம் அவளுக்காகக் காத்திருக்காது, வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. அவள் அழுதுவிட்டு, மறுநாள் வந்து முதல் வினையிலிருந்து தொடங்கினாள். அவள்மேல் எனக்கிருக்கும் மதிப்பை எழுத்தில் சொல்லிவிட முடியாது. சாளரத்தைச் சுத்தம் செய்து, உள்ளே விடும் ஃபைபர் ஆப்டிக் வெப்பமானியைக் கடன் வாங்கி ஒப்பிட்டுச் சரிசெய்ய 12,000 ரூபாய் ஆனது. சரியான 110 டிகிரியில் ஃபர்ஃப்யூரல் வினையின் விளைபொருள் வெளிர்மஞ்சள் படிகமாக வந்தது.

வெளியிலிருந்து ஐ.ஆர். காட்டும் வெப்பநிலைக்கும் உள்ளே இருக்கும் உண்மை வெப்பநிலைக்கும் வித்தியாசம் வரும் என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆலிவர் காப்பே குழுவினர் 2008-லேயே விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். கிளறல் சரியில்லாவிட்டால் வித்தியாசம் இன்னும் மோசமாகும் என்பதும் அவர்கள் கண்டது. மைக்ரோவேவுக்கென்று ஏதோ தனி மாயம் இருக்கிறது என்று எழுதப்பட்ட பல முடிவுகள் இப்படி வெப்பநிலையைத் தவறாக அளந்ததால் வந்தவை. சுத்தமான புதுக் கருவிக்கே அந்த நிலை. படலம் படிந்த பழைய கருவியில் திரை காட்டும் எண்ணைச் சோதிக்காமல் எழுதவே கூடாது. இப்போது எங்கள் ஆய்வகத்தில் மாதம் ஒரு முறை தண்ணீர் வயல் ஓடும். 120, 150 இரண்டிலும் அழுத்தத்தைக் குறித்து வைக்கிறோம். பழைய குறிப்பிலிருந்து விலகினால் அன்று வேறு வேலை இல்லை, சாளரம்தான்.

கேவிட்டியைச் சுத்தம் செய்யும்போது கையுறையும் ஃபியூம் ஹுட்டும் கட்டாயம். முன்னால் அதில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. விற்பவரிடம் மாசுநீக்கச் சான்றிதழ் கேளுங்கள். நல்ல நிறுவனத்திலிருந்து வந்த கருவிக்கு அது இருக்கும். கம்பிநாரை உள்ளே விடாதீர்கள், கீறல் விழுந்த இடத்தில் பொறி பறக்கும். கருகிய துகள் ஒட்டியிருந்தாலும் அதுவே மைக்ரோவேவை இழுத்துத் தீக்கங்கு போல் ஆகிவிடும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினை முடிந்ததும் வயலைக் குளிர்விக்க அழுத்தக் காற்று வேண்டும். எண்ணெயில்லாத கம்ப்ரசர் 24,000. அது போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாததால் வராந்தாவில் வைத்துக் குழாய் இழுத்தோம். வயல், மூடி, செப்டம் (வயல் வாயை அடைக்கும் தக்கை) முதல் தொகுதிக்கு 38,000. மலிவாக இருக்கிறதே என்று உள்ளூரில் கண்ணாடி ஊதி வாங்கிவிடாதீர்கள். 300 பி.எஸ்.ஐ. என்பது 20 பார் அழுத்தம். கம்பெனி வயலைக்கூட ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, கீறல் தெரிந்தால் குப்பையில் போட வேண்டும். பல்லேடியம் வினைகளில் சுவரில் கறுப்பாக உலோகப் படலம் படிந்தால் அந்த இடம் மட்டும் கொதித்து வயல் வெடிக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெடிக்கக்கூடிய அசைடு, நைட்ரோ ஏறிய சேர்மங்கள் எங்கள் கருவியில் தடை.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றி ஒன்று. இன்று வாங்கினால் பாதியை முன்பணமாகவும், மீதியை எங்கள் ஆய்வகத்தில் எத்தனால் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் தேறிய பிறகும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதுவேன். எல்லா டீலரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்பவர் தன் கருவியை நம்புகிறார் என்று அர்த்தம். அரசு ஆய்வு நிதியில் வாங்குவதானால், பழைய கருவிக்கு அனுமதி உண்டா என்று நிதி தருபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் யுடிலைசேஷன் சர்டிபிகேட் எழுதும்போது மாட்டிக்கொள்ள வேண்டாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் மாற்றிய பாகங்களையும் சேர்த்து எழுதுங்கள். நிர்வாகம் தந்த 4 லட்சத்துக்கு மேல் ஆன 1,44,100-ல் ஒரு பகுதியைத் துறை நிதியிலிருந்து எடுத்தேன், மீதி என் சம்பளத்திலிருந்து போனது. ஏனென்றால் பழுதுபார்ப்பு என்ற தலைப்பில் பணம் ஒதுக்கவே இடமில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்கும்போதே, விலையில் பாதி அளவுக்காவது பழுதுக்கும் உபரிக்கும் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கையில் 4 லட்சம்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் வராது என்றால் இந்தக் கருவியைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. மைக்ரோவேவ் வினையில் பெரும்பாலான பலன், மூடிய பாத்திரத்தில் கொதிநிலைக்கு மேல் சூடாக்குவதால்தான் கிடைக்கிறது. நல்ல தடித்த சுவருள்ள சீல்டு டியூப், டிஜிட்டல் கட்டுப்பாட்டோடு ஒரு அலுமினிய பிளாக், முன்னால் ஒரு பாதுகாப்புத் தடுப்பு, இவ்வளவும் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். சூடேறவும் ஆறவும் நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனாலும் ஐந்து மணி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். எங்கள் எம்.எஸ்ஸி. மாணவர்களின் புராஜெக்ட் வேலையை இப்போது அதில்தான் செய்ய வைக்கிறேன். மைக்ரோவேவில் நேரம் வாங்குவது பிஹெச்.டி. மாணவர்கள் மட்டும், அதுவும் அந்த மாதத்துத் தண்ணீர் வயல் குறிப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு.